பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை

அஸ்தம்பட்டியில் புறப்படும்போது முப்பத்தொன்று.
அடிவாரத்தில் இருபத்தெட்டு.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
வண்டியை ஓரங்கட்டி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன்.
ஒரு குரங்கு என் டூல்பேக்கைத் திறக்கத் தெரியாமல்
திட்டிவிட்டுப் போனது.

ஏற்காட்டில், ஓட்டல் மேனேஜர் ராயப்பன்
வாசலிலேயே பிடித்துக்கொண்டார்:
"மெஷினுக்குப் பைத்தியம்மா.
மார்கழி மாசத்துல ஏசி போடுது.
இன்சூரன்ஸ் ஏஜென்ட் நூத்திருபது பேர்
மேசை விரிப்பை உருவிப் போத்திக்கிட்டு
டார்கெட் பத்திக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

கூட்ட அரங்கின் கிழக்குச் சுவரில் தெர்மோஸ்டாட்.
மேல் அம்புக்குறி தேய்ந்து வழுக்கை.
கீழ் அம்புக்குறி இன்னும் புது மாப்பிள்ளை.
பக்கத்தில் செலோடேப் போட்ட காகிதம்:
யாரும் தொடக்கூடாது.
அதற்குக் கீழே பூட்டின் நான்கு எண்கள்.

திரையில் இருபத்தொன்பது.
என் கையிலிருந்த மானியில் பதினைந்து.
குனிந்து பார்த்தேன்.
சுவரை ஒட்டி எவர்சில்வர் காபி பாய்லர்,
மூடி சரிந்து,
ஆவி நேரே அதன் மூக்கில்.
அரங்கம் முழுக்க வெந்துபோகிறது என்று நம்பி
பாவம், ராத்திரி பகலாக விசிறியிருக்கிறது.

இரண்டு பேர் பிடித்து மேடைப் பக்கம் நகர்த்தினோம்.
இருபத்தாறு. இருபத்திரண்டு. பதினேழு.
"இவ்ளோதானா?"
ராயப்பன் முகத்தில்
பில் எவ்வளவு என்ற கவலை போய்
பில் எதற்கு என்ற கவலை வந்தது.

சரி, புரோகிராமையும் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

ஏழு நாள். நாளுக்கு நான்கு பொழுது.
ஹீட்டர் இருபதோடு நிற்கட்டும்,
ஏசி இருபத்துநாலுக்கு மேல் வரட்டும்.
நடுவே நாலு டிகிரி,
இரண்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய இடம்.
அதைக் குறைத்தால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு
விடிய விடிய மீட்டர் ஓடும்.
(எங்கள் வீட்டில் அந்த நாலு டிகிரியை
யாரும் விட்டுவைக்கவில்லை.)

ஒவ்வொரு பொழுதுக்கும் திரை ஒன்றைத்தான் கேட்கும்:
ஆள் உண்டா, இல்லையா.
"காலைல எட்டு, உண்டு.
ராத்திரி பத்து, இல்லை."
ராயப்பன் சொல்லச் சொல்ல அழுத்தினேன்.
போன் வந்து அவர் வெளியே போனார்.

நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த கரியம்மா
கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தார்.
"பத்துக்கு நிறுத்தினா மறுபடி எப்ப?"
"எட்டு மணிக்கு."
"பத்துக்கு மேலதான் நான் தரை துடைக்கறது."
அதற்கும் உண்டு என்று போடட்டுமா என்றேன்.
சிரித்துவிட்டார்.
"துடைக்கையில எதுக்கு? வேர்த்து ஊத்தும்.
அதுக்கப்புறம்தான்."

மேடைத் திரையை விலக்கிக் காட்டினார்:
மடித்த ஜமுக்காளம், தண்ணீர் பாட்டில், சார்ஜர்.
நாகலூருக்கு முதல் பஸ் ஆறேகாலுக்கு.

நான்கில் இரண்டு பொழுது காலியாகத்தான் இருந்தது.
பன்னிரண்டு, உண்டு. பத்தொன்பது டிகிரி.
ஐந்து, இல்லை.
எல்லா நாளுக்கும் நகல் எடுத்தேன்.
"ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன்," என்றார்.
ஞாயிறை அழித்தேன்.

பூட்டின் எண்ணை மாற்றிச் சீட்டில் எழுதி
ராயப்பனிடம் கொடுத்தேன்.
அதையும் சுவரில் ஒட்டுவார்.

இறங்கும்போது எட்டாம் வளைவில் காது அடைத்தது,
மூன்றில் திறந்தது.
கோரிமேட்டில் ஸ்வெட்டர் இடுப்பில்.

ஜனவரி கரண்ட் பில் வந்ததும் கூப்பிடுவார்.
"நடுராத்திரி ஹால்ல யாரும்மா இருக்கா?"
பனி இறங்கினால் மைக் செட் வீணாகிவிடும்
என்று சொல்லலாம்.
மைக் செட் மேல் அவருக்கு
அக்கறை உண்டு.